மரங்கொத்தியிடம் தாளம் படித்த தேவாங்கு

மைவிழி என்ற தேவாங்குக்கு வைத்தியராக வேண்டும் என்று தீராத ஆசை. அந்தக் காட்டில் கரடி வைத்தியரிடம் சேர வேண்டுமானால், முதலில் மூன்று மழைக்காலம் மூலிகை படித்திருக்க வேண்டும். மைவிழியும் அதன் தோழன் முயலும் ஒன்றாகத்தான் படிக்க ஆரம்பித்தன.

முதல் மழை முடிவதற்குள் மைவிழிக்கு இன்னொரு பைத்தியமும் பிடித்துவிட்டது. தேக்குமரத்தில் மரங்கொத்தி தட்டிய தாளத்தைக் கேட்டுச் சொக்கிப்போய், அதையும் படிக்கச் சேர்ந்தது. காலையில் மூலிகை, மாலையில் தாளம். எதையும் அரைகுறையாக விட மனசில்லை. மூன்று மழை ஐந்து மழையாக நீண்டது.

முயலோ மூன்றாம் மழையிலேயே கரடியிடம் சேர்ந்து, காதைத் தூக்கிக்கொண்டு நடந்தது. மைவிழியின் அம்மாவிடம் எல்லோரும் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். ஒருநாள் முயலே வந்து கேட்டது.

“வைத்தியருக்கு எதுக்குத் தாளம்? நோயாளி முன்னாடி கச்சேரி பண்ணப் போறியா?”

“எதுக்குன்னு எனக்கும் தெரியலை. பிடிச்சிருக்கு, விட முடியலை.”

முயல் போன பிறகு மைவிழி அழுதது. ஆனாலும் மறுநாள் மாலை தேக்குமரத்தடியில் நின்றது. அந்தப் பிடிவாதம் லேசில் யாருக்கும் வராது.

ஐந்தாம் மழை ஓய்ந்ததும் மைவிழி கரடியிடம் போனது. அன்று காலை ஒரு மான், மயங்கி மயங்கி விழும் தன் குட்டியைக் கொண்டுவந்திருந்தது. காடெங்கும் காய்ச்சல் பரவியிருந்த நேரம். இதுவும் காய்ச்சல்தான் என்று சொல்லி, காரமான கஷாயம் கொண்டுவரும்படி முயலை அனுப்பினார் கரடி. புதிதாக வந்த மைவிழியையும் நாடி பார்க்கச் சொன்னார்.

மைவிழி குட்டியின் காலைப் பிடித்தது. ஆறு துடிப்பு சரியாக வந்தது. ஏழாவது வரவில்லை. மறுபடியும் ஆறு. மறுபடியும் ஏழாவது இல்லை.

சேர வந்த நாளிலேயே வைத்தியரை மறுத்துப் பேசினால், ஐந்து மழைக்காலமும் பாழாகலாம். பேசாமல் இருந்தால், காரக் கஷாயம் தாங்காமல் குட்டி பிழைக்காது.

“ஐயா, கஷாயம் கொடுக்காதீங்க. இது காய்ச்சல் இல்லை. இதயம் தாளம் தப்புது.”

கஷாயத்தோடு வந்து நின்ற முயல் சிரித்துவிட்டது. கரடி முகத்தைச் சுளித்துக்கொண்டே நாடியைப் பிடித்தார். மைவிழி பக்கத்திலிருந்த பலகையில் ஒன்று, இரண்டு என்று கூடவே தட்டியது. ஏழாவது தட்டு பலகையில் கேட்டது, நாடியில் இல்லை. கரடியின் முகம் மாறியது. கஷாயத்தை வாங்கித் தன் கையாலேயே தரையில் ஊற்றினார்.

இதயத்துக்கு வலுவூட்டும் மருதம்பட்டை கொடுத்து ஓய்வாகப் படுக்க வைத்தார்கள். பத்தாம் நாள் குட்டி தானாக எழுந்து தாயிடம் நடந்தது. அம்மா மான் மைவிழியை நக்கி நக்கியே நனைத்துவிட்டது.

கரடி எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் மாலையில் வைத்தியசாலையை மைவிழி பார்த்துக்கொள்ளும் என்றார்.

“அப்போ நீங்க எங்கே போவீங்க?” என்று கேட்டது முயல்.

“மரங்கொத்திகிட்டப் படிக்கப் போறேன்” என்றார் கரடி.

ஆசைப்பட்டுக் கற்ற எதுவும் வீண் போகாது; அதற்காகச் செலவான காலமும் நஷ்டமாகாது.