நாலாவது புத்தகம்

பேச்சிமுத்துவுக்கு வயது இருபத்தாறு. பாளையங்கோட்டையில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர். அவரிடம் படிக்க வந்த ஜெபகனிக்கு முப்பத்தைந்து. அதற்கு முன் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை அக்கா என்பார். மற்ற பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோய்விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதிரித் தேர்வுத் தாளைத் திருத்திக் கொடுத்ததும் பிள்ளைகள் கலைந்தார்கள். ஜெபகனி மட்டும் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், ஒரு புத்தகம் பேரு சொல்லுங்க."

"எந்தப் புத்தகம்?"

"எதைப் படிச்சா சீட்டு கெடைக்குமோ, அந்தப் புத்தகம்."

"உங்ககிட்ட எத்தனை இருக்குக்கா?"

"பிசிக்ஸுக்கு மட்டும் மூணு. பச்சை அட்டை போட்டது ஒண்ணு. ராஜஸ்தான்ல கோட்டா கோச்சிங் சென்டர்ல இருந்து வரவழைச்சது ஒண்ணு. எதிர்வீட்டுப் பிள்ளை பாஸாயிட்டான்னு ஓடிப்போய் வாங்குனது ஒண்ணு. மூணும் சரியில்ல."

"சரியில்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

"முதல் நாலஞ்சு பாடம் நல்லாத்தான் போகுது. அப்புறம் ஒரு எழவும் புரியல. உடனே அடுத்ததை எடுப்பேன். அதுவும் அப்படித்தான். புரியற மாதிரி எழுதுன ஒரு புத்தகம் எங்கேயாவது இருக்கும்ல?"

அவளுக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்லிவிடலாம் என்று பேச்சிமுத்து நினைத்தார்.

"ஒரு நோயாளி மூணு நாள் மாத்திரை சாப்பிடுறார். கேக்கலன்னு வேற டாக்டர்கிட்டப் போறார். நீங்க என்ன செய்வீங்க?"

"கோர்ஸை முடிக்கச் சொல்லி ஏசுவேன்."

"ம்."

"என்ன ம்? முழுசா முடிச்சும் கேக்கலன்னா டாக்டரே மருந்தை மாத்துவாரு. ஒத்துக்காம உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சுன்னா அன்னைக்கே மாத்துவாரு. நான் பாக்காததா? மருந்தைப் பத்தி எனக்கு நீங்க சொல்லாதீங்க சார்."

உவமை சொல்லப் போய் அடி வாங்குவது பேச்சிமுத்துவுக்குப் புதிதில்லை.

ஜெபகனி நிறுத்தவில்லை.

"உங்களுக்கு இது வெளையாட்டு. நான் சம்பளமில்லாத லீவுல வந்து உக்காந்திருக்கேன். ஒரே வருஷம். அதுக்கு மேல ஆஸ்பத்திரியும் தராது, வீட்டுக்காரரும் தாங்க மாட்டாரு. கெளம்புற அன்னைக்கு வார்டுல எல்லாரும் சேர்ந்து ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் குடுத்தாங்க. கிண்டலா நெசமான்னு இப்பவும் எனக்குப் புரியல. சீட்டு கெடைக்கலன்னா ஜூன் மாசம் அதே வார்டுல, அதே ஆளுங்க முன்னால போய் நிக்கணும். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுதான் எனக்குப் பயமே. எனக்குக் கதை வேண்டாம் சார், புத்தகம் வேணும்."

பேச்சிமுத்து எழுந்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

"வாங்க, வாங்கிட்டு வந்திரலாம்."

திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகிற பஸ்ஸில் அவள் கேட்டாள். "கடைக்காரர்கிட்ட உங்களுக்குக் கமிஷன் உண்டா சார்?"

"இதுவரைக்கும் இல்ல. இன்னைக்குக் கேட்டுப் பாக்கணும்."

அவள் சிரிக்கவில்லை.

மைதீன் பாயின் கடையில் பழைய புத்தகங்கள்தான். தேர்வு முடிந்த பிள்ளைகள் கொண்டுவந்து கொட்டுவார்கள். அடுத்து எழுதப் போகிற பிள்ளைகள் வந்து அள்ளுவார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் பாயின் தொழில்.

"பாய், நுழைவுத் தேர்வுக்கு பிசிக்ஸ். எது நல்ல புக்கு?" என்றார் பேச்சிமுத்து.

பாய் ஒன்றை உருவி, தூசி தட்டி நீட்டினார். "முக்கால் விலை."

"யாரு? எனக்கா?" ஜெபகனியின் குரல் ஏறியது. கடற்கரை ஊரில் பிறந்து, மீன் ஏலத்தில் பேசிப் பழகிய குரல். "பழைய புத்தகத்துக்கு முக்கால் விலையா? கால் விலை தாரேன். அதுவும் நீங்க வயசானவர்ங்கிறதுக்காக."

"யம்மா, இதையா பழசுங்கிய? நல்லாப் பாத்துட்டுப் பேசுங்க."

பாய் புத்தகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, தாள்களின் ஓரத்தைக் காட்டினார். முன்பக்கம் விரலகலத்துக்குக் கறுத்திருந்தது. கைபட்டுக் கைபட்டு ஏறிய கறுப்பு. அதற்குப் பிறகு வெள்ளை. கடைசித் தாள் வரைக்கும் வெள்ளை.

"இந்தா, இவ்வளவுதான் பழசு. மிச்சத்துல ஒரு மனுசன் கை படல. அச்சாபீஸ்ல இருந்து வந்தது வந்தபடியே இருக்கு. முக்கால் புக்கு புதுசு, முக்கால் விலை கேக்கேன். இதுல என்ன அநியாயம்?"

"வேற காட்டுங்க பாய்," என்றார் பேச்சிமுத்து.

பாய் பச்சை அட்டையை எடுத்தார். விரலகலம் கறுப்பு, மிச்சம் வெள்ளை. கோட்டா புத்தகத்தை எடுத்தார். அதுவும் அப்படியே.

"எல்லாம் சுத்தமான சரக்கு தம்பி. சந்தேகம்னா அந்தம்மாவே எடுத்துப் பாக்கட்டும்."

ஜெபகனி எடுத்துப் பார்த்தாள். குண்டுப் புத்தகம், ஒல்லிப் புத்தகம், தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. கறுப்பு முடிகிற இடத்தில் நகத்தை விட்டு ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

சுழற்சி இயக்கம்.

அடுத்தது. சுழற்சி இயக்கம்.

அதற்கடுத்ததில் பாடத்தின் தலைப்புக்குக் கீழே யாரோ ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் பென்சில் படவே இல்லை.

அவளுடைய மூன்று புத்தகங்களும் மூடிக்கொண்ட இடம் அதுதான். இன்றைக்குத் திரும்பி வந்த தாளில் மார்க் போன இடமும் அதுதான்.

"எல்லாப் பிள்ளைங்களும் இங்கேயே எறங்கிருதுங்களே," என்றாள். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"எறங்கி அடுத்த பஸ்ல ஏறிரும்மா. அதனாலதான் என் கடை ஓடுது," என்றார் பாய். "சரி, உங்களுக்காக அரை விலை. எந்தப் புக்கைக் கட்ட?"

ஜெபகனி அடுத்த அடுக்குக்குப் போனாள். குனிந்து கட்டுக்கட்டாகப் புரட்டத் தொடங்கினாள். பாய்க்கு எரிச்சல் வந்தது. பேச்சிமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூலையில் எடைக்குப் போட ஒதுக்கிய குவியலுக்கு அடியிலிருந்து அவள் ஒன்றை இழுத்தாள். அட்டை இல்லை. ஊறிப்போன ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. ஓரம் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே கறுப்பு.

சுழற்சி இயக்கத்தைத் திறந்தாள். அங்கேதான் கறுப்பு அதிகம். பக்கத்தின் மூலை தேய்ந்து போய் டேப் ஒட்டியிருந்தது. ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு அடித்திருந்தார்கள். மறுபடி தப்பு, மறுபடி அடித்திருந்தார்கள். ஓரத்தில் வேறு மையில் இன்னொரு தடவை. அதற்கும் கீழே ஒரு சின்ன டிக்.

"பாய், இது என்ன விலை?"

"அதா? அதை எவன் வாங்குவான்? வேணும்னா சும்மா எடுத்துட்டுப் போங்க, எடம் காலியாகும்."

"இதைப் படிச்ச பிள்ளைக்கு சீட்டு கெடைச்சுதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கெடைச்சவனும் இங்கதான் கொண்டாந்து போடுதான், கெடைக்காதவனும் இங்கதான் கொண்டாந்து போடுதான்."

ஜெபகனி அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சேலையில் தூசி அப்பியது. அவள் தட்டிவிடவில்லை. பல மாதமாக அவள் முகத்தில் இருந்த இறுக்கம் போயிருந்தது.

"கெடைச்சிருச்சு சார். நான் தேடுனது இதுதான். வாங்க போலாம்."

பேச்சிமுத்து எழுந்திருக்கவில்லை.

"அதைப் போட்டுட்டு வாங்கக்கா."

"எதுக்கு? சும்மா தாராரு. பேரம்கூடப் பேச வேண்டாம். இவ்வளவு புத்தகத்துல ஒருத்தங்க கடைசி வரைக்கும் படிச்சது இது ஒண்ணுதான். ஒரு கணக்கைக்கூட விடல. தப்பாப் போட்டு, திருப்பிப் போட்டு, எல்லாத்துக்கும் விடை கண்டுபிடிச்சிருக்காங்க. எனக்கு வேண்டியது எல்லாம் இதுல இருக்கு சார்."

பேச்சிமுத்து கையை நீட்டினார். அவள் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். அவர் தாள்களின் ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு எடைக்குப் போகிற குவியலின் மேலேயே வைத்தார்.

"உங்க மூணு புத்தகமும் இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு. இது அவங்க கை அழுக்குக்கா," என்றார்.