மைனா பாட்டை விட்டுப் பிடித்த சொல்

அந்தக் காலத்தில் மனிதரும் பறவைகளும் பேசிக்கொண்டார்கள். மைனாவுக்குச் சொந்தப் பாட்டு ஒன்று இருந்தது. அப்போது ஒரு மைனா நாகப்பட்டினத்துக் கப்பலின் பாய்மரத்தில் கூடு கட்டியது. கப்பல் என்றால் கிளம்பும் என்று அதற்குத் தோன்றவேயில்லை. நடுக்கடலில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. சீனத்துக் காண்டன் துறைக்கு வந்து சேர்ந்தபோது கப்பலில் அரிசி தீர்ந்திருந்தது. குஞ்சுகள் கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தன.

"கரையில ஆ லின் அம்மா கடை இருக்கு. பூரணம் வச்ச பன்னுக்கு அங்க பாவ்னு பேரு. மரியாதையா கேளு, குடுப்பாங்க" என்றார் கப்பல் சமையல்காரர் வைரக்கண்ணு.

கடையில் மூங்கில் கூடைகளிலிருந்து ஆவி பறந்தது. என்ன வேண்டும் என்று ஆ லின் சைகையில் கேட்டாள். மைனா நம் ஊர் மரியாதைப்படி கடைசியில் குரலை உயர்த்தி, "பாவ்?" என்றது. அவள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். மூன்று முறை கேட்டும் அதே கதைதான்.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். மைனா தலையைச் சாய்த்துக் கவனித்தது. தொப்பைக்காரர் ஒருவர் "பாவ்" என்று குரலை ஏற்றிச் சொல்லித் தட்டைத் தள்ளினார். அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண் அதே சொல்லை உயர்ந்த குரலில், ஏற்றாமல் இறக்காமல் நிறுத்திச் சொன்னாள். அவளுக்குப் பன் வந்தது.

இந்த ஊரில் குரல் மாறினால் சொல்லின் அர்த்தமே மாறுகிறது. அடக் கடவுளே, பட்டினியோடு வந்து வயிறு நிறைந்தது என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தோம் என்று மைனாவுக்கு உறைத்தது.

ஆனால் அதன் தொண்டை எதையும் பாட்டாக இழுத்துவிடும். பாட்டை விட்டால்தான் சொல் நிற்கும். மைனா குஞ்சுகளை நினைத்தது, பாட்டை விழுங்கியது. ஹா காவ் என்ற இறால் கொழுக்கட்டை, சியூ மாய் என்ற கறிக் கொழுக்கட்டை என்று காதில் விழுந்த பெயரையெல்லாம் சொல்லிப் பழகியது. சாயங்காலம் ஆ லின் முன் நின்று, "பாவ்" என்றது.

ஆ லின் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "எத்தனையோ கப்பல்காரங்க வந்திருக்காங்க. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி கேட்டது நீ ஒருத்திதான்" என்று மூன்று பன்களைக் கொடுத்தாள்.

மைனா கூட்டுக்குத் திரும்பிக் குஞ்சுகளைப் பாட்டுப் பாடி எழுப்பப் பார்த்தது. பாட்டு வரவில்லை. "பாவ்" என்றுதான் வந்தது. குஞ்சுகள் மெல்லத் தலையைச் சாய்த்துக் கேட்டன. பிறகு வாயைத் திறந்து, பிசகாமல் அதே குரலில், "பாவ்" என்றன.

அன்று முதல்தான் மைனா தனக்கென்று ஒரு பாட்டு இல்லாமல், யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்டு, அவர்கள் குரலிலேயே திருப்பிச் சொல்கிறது.