ஏகப்பன் தின்ற முள்காய் விதை

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே. கடற்கரை உப்பு வண்டியேறி மலைக்குப் போய், தினையாகத் திரும்பி வந்த காலம் அது.

உப்பு வண்டி ஒன்றில் ஏகப்பனும் அவன் மனைவி பூவாத்தாளும் போனார்கள். வழியில் தடம் தப்பியது. ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் கட்டுச்சோறு தீர்ந்தது.

உச்சிவெயிலில் ஒரு பாறைமேல் வண்டியை அவிழ்த்தார்கள். அங்கே ஒரு செடி. வெள்ளைப் பூ, முள் காய். வெடித்துச் சிந்திய விதையைக் காடை ஒன்று கொத்திக்கொண்டிருந்தது.

ஏகப்பன் ஒரு கை அள்ளினான்.

“பேர் தெரியாத விதை, வேண்டாங்க” என்றாள் பூவாத்தாள்.

“காடை தின்னுது பார். காடைக்கு ஆனது எனக்கு ஆகாதா?”

கசந்தது. மென்று விழுங்கினான்.

நிழல் சாயுமுன் அவன் முகம் சிவந்தது. கண்மணி விரிந்து கண்ணே கருப்பானது. எங்கோ பார்த்துச் சிரித்தபடி எழுந்து நடந்தான். பூவாத்தாள் ஓடிப் பிடித்து இழுத்துவந்து, மாட்டுக் கயிற்றால் அவன் இடுப்பை வண்டிச் சக்கரத்தோடு கட்டினாள்.

“அவிழ்த்துவிடு. ஆறு ஓடுது, படித்துறை தெரியுது.”

கானல்தான் அலைந்தது. அவள் அவிழ்க்கவில்லை.

“அவிழ்த்துவிடு. பந்தி போட்டிருக்காங்க, நெய் மணக்குது.”

அவளுக்கும் பசிதான். அவிழ்க்கவில்லை.

பிறகு அவன் குரல் தணிந்தது. “பூவு, நம்ம சிட்டு அங்க நிக்கிறா. பிள்ளை தனியா நிக்கிறா, பூவு.”

சிட்டு அவர்கள் மகள். போன மாசியில் அம்மை கண்டு இறந்தவள்.

பூவாத்தாளின் கை தானாக முடிச்சுக்குப் போனது. மாலை வெயிலில் பாறையெல்லாம் பொன்னாய் மிதந்தது. ஒரு கண்ணி தளர்ந்தது. அவன் காட்டிய இடத்தையே வெகுநேரம் பார்த்தாள். வெயில் இருந்தது, மகள் இல்லை.

“விதை தின்னாத கண்ணுக்கு அவ தெரியலையேங்க” என்று அழுதாள். அழுதபடியே முடிச்சை இறுக்கினாள்.

அவன் விடியும்வரை காற்றில் பூப்பறித்துக்கொண்டிருந்தான். விடிந்ததும் அவள், சிட்டு நிற்பதாக அவன் காட்டிய இடத்துக்குப் போனாள். இருபது அடியில் பாறை முடிந்தது. பருந்துகள் அவள் காலுக்குக் கீழே, பள்ளத்தில் வட்டமிட்டன.

தேனெடுக்க வந்த மலைக்காரர்கள் இருவரையும் தங்கள் குடிக்குக் கூட்டிப்போனார்கள். “அது ஊமத்தை. இன்னொரு கை தின்றிருந்தால் மூச்சே நின்றிருக்கும்” என்றார்கள்.

மூன்று நாள் கழித்து ஏகப்பனுக்குத் தெளிந்தது.

“சிட்டு வந்தாளா?” என்றான்.

“வரலைங்க” என்று சொல்லி, பூவாத்தாள் அவன் வாயில் கஞ்சியை ஊட்டினாள்.

ஆகவே, பறவை தின்கிறதே என்று பேர் அறியாத விதையை வாயில் போடாதீர்கள். பசி பொறுக்கும், நஞ்சு பொறுக்காது.