செம்பைக் கெடுத்த உலக்கை

இளங்கண்டன் என்ற மன்னனுக்கு ஒரு செம்பு மலை இருந்தது. அங்கே பெண்கள் பாடியபடியே செம்புக்கல்லைத் தண்ணீர் விட்டுக் கல்லுரலில் மாவாக ஆட்டுவார்கள். அந்த மாவைப் பானையில் எண்ணெய் விட்ட தண்ணீரில் கொட்டி நுரை பொங்கக் கடைவார்கள். செம்புத்தூள் நுரையைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். வெறுங்கல் அடியில் தங்கும்.

தளவாய் கொற்றன் ஒருநாள் வந்து பார்த்தார். "பாட்டுப் பாடிக்கொண்டே செய்தால் அது ஒரு வேலையா?" என்றார். கல்லுரல்களைத் தூக்கிப் போடவைத்தார். இரும்பு உரலும் இரும்பு உலக்கையும் வந்து இறங்கின. மாவு சீக்கிரம் ஆனது. செம்புதான் மேலே வரவில்லை.

"திருடிவிட்டார்கள்" என்றார் தளவாய். பெண்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அவருக்கில்லை.

மன்னன் தீர்ப்புச் சொன்னான்: "என் செம்பைக் கெடுத்தது யாரோ, பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டவேண்டும்."

அரசவை விகடகவி அஞ்சுகம் மலைக்கு ஓடினாள்.

"திருடின செம்பை நாங்க என்ன சோத்துல போட்டா தின்னோம்?" என்று சீறினாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான வெள்ளச்சி. மற்றவர்கள் அழுதுகொண்டே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சுகம் உலக்கையைத் தடவினாள். விரலில் துரு ஒட்டியது. பானை நுரையும் அதே நிறம். அவளுக்குக் கோபம் காதுவரை ஏறியது. முகத்தில் காட்டவில்லை. காட்டினால் 'பெண்புத்தி' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

சாயங்காலம் சங்கிலியால் கட்டிய உலக்கையை இரண்டு காவலர்கள் சபைக்குள் இழுத்து வந்தார்கள்.

"குற்றவாளி வந்தாச்சு, மன்னா."

"உலக்கையையா பிடித்து வந்தாய்?" தளவாய் சிரித்தார்.

அஞ்சுகம் ஒரு கல்லுரலையும் இரும்பு உரலையும் சபைக்கு வரவழைத்தாள். ஒரே கல்லை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கல்லில் ஆட்டவும் மறுபாதியை இரும்பில் இடிக்கவும் வைத்தாள். இரண்டு பானைகளில் கடைந்தாள். கல்லில் ஆட்டியது நுரையில் மினுமினுத்து வந்தது. இரும்பில் இடித்தது அடியிலேயே கிடந்தது.

"இரும்பு தேய்ந்து அதன் துரு செம்புத்தூள்மேல் படிந்துவிடுகிறது, மன்னா. அப்புறம் நுரை எதைப் பிடிக்கும்? உங்கள் செம்பு எங்கும் போகவில்லை. பானையடியில்தான் இருக்கிறது."

மன்னன் இரண்டு பானைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி. பெண்கள் இருக்கட்டும். உலக்கை போகட்டும்."

"அதற்குக் கால் இல்லையே, மன்னா."

"அதனால்?"

"மலைக்குக் கூட்டி வந்தவர்தானே கூட்டிப் போகவேண்டும்?"

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்படியே ஆகட்டும், தளவாயே தூக்கட்டும். உனக்கு என்ன வேண்டுமோ கேள், அஞ்சுகம்!"

"கல்லுரல்கள் திரும்பி வந்தால் போதும்."

தளவாய் உலக்கையைத் தோளில் ஏற்றினார். வாசலைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. "இந்தக் கனத்தோடு எல்லைவரை எப்படியம்மா போவது?"

அஞ்சுகம் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாள்:

"பாட்டுப் பாடிக்கொண்டே போங்கள், தளவாய். கனம் தெரியாது."