முதல் வடியைக் கொட்டியவன்

குடிக்கிறவர்கள், குடிக்காதவர்கள் எல்லோரும் சேர்ந்தே விடை தேட வேண்டிய புதிர் இது. அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். விவரம் தெரிந்தவர்களே இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சடையன் என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி வெள்ளச்சி. மகள் சின்னுவுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்குக் கறிச்சோறு போட்டுவிட்டுச் சாராயம் ஊற்றாமல் அனுப்பினால் மானம் கப்பலேறிவிடும் என்பது சடையனின் கவலை. சாராயம் காய்ச்ச வெல்லம் போட்டு வைத்திருந்த ஊறல் பாதிப் பேருக்குக்கூடக் காணாது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து லோகு என்ற தரகன் ஏதோ ஒரு பெயிண்ட் பட்டறையிலிருந்து ஒரு கேன் ஸ்பிரிட்டைக் கொண்டுவந்து இறக்கினான். சடையன் அதை ஊறலில் கலந்து அடுப்பேற்றினான்.

வெள்ளச்சி அதைப் பார்த்துவிட்டாள்.

"பெயிண்டுல கலக்குறதைப் போயி மனுசன் வயித்துக்குக் குடுப்பீங்களா?"

சடையன் சிரித்தான். "அடி கிறுக்கி, விசம் சீக்கிரமாக் கொதிச்சு முன்னால ஓடி வந்துரும். முதல் வடியைக் கொட்டிட்டா அதோட போச்சு. பின்னால வர்றது சுத்தம்."

சொன்னபடியே முதலில் வடிந்ததை வேலியோரம் கொட்டினான். வழக்கத்தைவிடத் தாராளமாகவே கொட்டினான். மிச்சத்தில் கொஞ்சம் தட்டில் ஊற்றிப் பற்றவைத்தான். நீலமாக எரிந்தது. மோந்து பார்த்தான், வழக்கமான நெடிதான். அத்தோடு விட்டானா? அவள் கையை இழுத்து, தூங்கிக்கொண்டிருந்த சின்னுவின் தலைமேல் வைத்து, கேன் விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அது பிள்ளையைத்தான் தாக்கும் என்பதில் அந்த ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. வெள்ளச்சிக்கும் கிடையாது.

காதுகுத்து அன்று தாய்மாமன் ஆண்டியப்பன், வெள்ளச்சியின் ஒரே அண்ணன், சீர்த்தட்டோடு வந்து சேர்ந்தார். முதல் மரியாதை தாய்மாமனுக்குத்தானே? வெள்ளச்சி குறுக்கே போவதற்குள் இரண்டு டம்ளரை மடமடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். வெள்ளச்சி வேலை எதையும் கவனிக்காமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டினார், மச்சானைக் கேலி செய்தார், சின்னுவைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு மூச்சு வந்தது. நம்ம வீட்டுக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தாள்.

அப்போதுதான் லோகு சாப்பிட வந்தான். ஓசியில் கிடைத்தால் குடம் கழுவின தண்ணீரைக்கூட விடாத ஆள். சடையன் ஆசையாக ஒரு டம்ளரை நீட்டினான்.

"இன்னிக்கு வேணாம் மாப்ளே, விரதம்," என்று லோகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அவன் இலையில் கிடாக்கறி குவிந்து கிடந்தது.

வெள்ளச்சி அந்த இலையைப் பார்த்தாள்: கறி தின்கிறவனுக்கு என்ன விரதம்? அங்கே சின்னு தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். பந்தலில் டம்ளர்களை எடுத்து வைக்கிறார்கள். வாயைத் திறந்தால் அந்தச் சின்னத் தலைக்கு என்ன ஆகுமோ, திறக்காவிட்டால் அண்ணனுக்கும் பந்தியில் இருப்பவர்களுக்கும் என்ன ஆகுமோ. அப்படி ஒரு பயம் எதிரிக்குக்கூட வரக்கூடாது.

ஓடிப்போய்ச் சாராயக் குடத்தை எட்டி உதைத்தாள்.

"அதுல பெயிண்ட் ஸ்பிரிட்டு கலந்திருக்கு! யாரும் தொடாதீங்க! அண்ணே, எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்!"

ஆண்டியப்பன் அசையவில்லை. "நல்ல நாளும் அதுவுமா ஏன் புள்ள கத்துற? குடிச்ச நான் கல்லாட்டம் உக்காந்திருக்கேன். ஆகறதா இருந்தா இந்நேரம் ஆகியிருக்காதா?"

சடையன் முகம் கறுத்துவிட்டது. "பெத்த புள்ள தலையில அடிச்ச சத்தியத்தை மீறிட்டியேடி! விசத்தைத்தான் கொட்டியாச்சே! இப்ப பாரு!" என்று, குடத்தில் மிச்சம் தங்கியதை டம்ளரில் சாய்த்து எல்லோர் முன்னாலும் ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டு, போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில் மலைமேல் ஏறி ஓடிவிட்டான். வெள்ளச்சி அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்காகவே அவர் முணுமுணுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

இப்போது சொல்லுங்கள். விஷம் முதல் வடியோடு போய்விட்டது என்று நம்பித் தானும் குடித்தான் சடையன். தன் உடம்பையே சாட்சியாகக் காட்டினார் ஆண்டியப்பன். நோய்நொடி எதுவும் தெரியாத ஒரு மனிதருக்காகப் பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினாள் வெள்ளச்சி. இதில் யார் செய்தது சரி?

விடை: வெள்ளச்சி செய்ததுதான். மெத்தனால் என்கிற அந்த விஷச் சாராயம், மற்றச் சாராயத்தைவிடக் குறைந்த சூட்டில் கொதிக்கும் என்பது உண்மையே. ஆனால் ஒரே பானையில், தண்ணீரோடு சேர்ந்து கொதிக்கும்போது இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து வருவதில்லை. முதலில் வடிவதிலும் விஷம் இருக்கும், கடைசியில் வடிவதிலும் இருக்கும். தீயோ மூக்கோ நாக்கோ அதைக் காட்டிக்கொடுக்காது. உடம்புக்குள் போய் அது கொல்லும் விஷமாக மாறவே பல மணி நேரம் பிடிக்கும். கூடவே நல்ல சாராயமும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகையால் ஆண்டியப்பன் கல்லாட்டம் உட்கார்ந்திருந்ததற்கு அர்த்தமே இல்லை. நேரத்தோடு போனதால் ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து கொடுத்து அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். சடையனை மறுநாள்தான் பாறை இடுக்கில் கண்டுபிடித்துத் தூக்கி வந்தார்கள். அவன் உயிரும் தங்கியது. நினைவு வந்ததும் மனைவியின் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டு, "உங்கண்ணன் பொழைச்சிட்டாரா?" என்று கேட்டான். அவன் முகத்துக்கு நேராகக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஆண்டியப்பன் எழுந்து, அவன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். அந்தக் கண்கள் அசையவே இல்லை.