லூசியாளின் கல்லறைப் படம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெரு ரெஜினா அக்கா. என் மூத்த மகள் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன வருஷம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து கோயிலில் இருந்து இரண்டு பேரும் நடந்து வந்தோம். அன்றைக்கு என் மனசு சரியில்லை. அக்கா ஏன் என்று கேட்கவில்லை. கதையைச் சொன்னாள். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

தேரிக்காட்டில், செம்மணல் மேட்டில், குடிசை போட்டு ஒரு துறவி இருந்தார். வயசு அதிகமில்லை. ஆறுதல் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். அதனால் எல்லாரையும் அண்ணாச்சி, அக்கா என்றே கூப்பிடுவார்.

அவரிடம் தொம்மை என்று ஒருவர் போனார். கல்யாண வீடுகளில் படம் பிடிக்கிறவர். தலை முழுக்க நரைத்தவர். மனைவி லூசியாளை அடக்கம் பண்ணிச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு தோளில் ஒரு கேமரா. மறு தோளில் இன்னொன்று.

"சாமி, அழகு பெருசா, வேலை பெருசா?"

துறவி ஓலைப்பாயை விரித்தார்.

"முதல்ல உக்காருங்க அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் பாரத்தத் தொங்கவிட்டுட்டு நிக்கீங்க."

தொம்மை உட்கார்ந்தார். கறுப்புக் கேமராவை முன்னால் வைத்தார்.

"இது பாக்கதுக்கு ஒண்ணுமில்ல. கருங்கல்லு மாதிரி. ஆனா ஓடுத பிள்ளையோட கண்ணக்கூடத் தேடிப் பிடிச்சிரும். இருட்டுக் கோயில்ல மாலை மாத்துனாலும் தப்பாது."

"அது?"

தொம்மை மற்றதை எடுத்தார்.

வெள்ளி நிறத் தலை. தோல் போர்த்திய உடம்பு. மேலே வரி வரியாய் வெட்டிய உலோக டயல்கள். பார்த்தால் அந்தக் காலத்துப் பிலிம் கேமராவேதான்.

"பிலிமு எங்க போடணும்?"

"போட வேண்டாம் சாமி. உள்ள எல்லாம் புதுசு, டிஜிட்டல். மிரர்லெஸ்னு சொல்லுவாங்க. வெளிய மட்டும் பழைய வேஷம்."

"சரிதான். பேரன் தாத்தா வேட்டியக் கட்டிருக்கான்."

தொம்மைக்குச் சிரிப்பு வரவில்லை.

"கைக்கு வாட்டமில்ல, மணிக்கட்டு வலிக்கும். வெளிச்சம் கொறஞ்சா போகஸ் தடுமாறும். டயல நாமளே திருகி வைக்கணும். ஆனா அந்தத் திருகுத சத்தம் இருக்கே, சாமி... வேலை இல்லாதப்பவும் ஜன்னல் பக்கம் உக்காந்து சும்மா திருகிட்டே இருப்பேன். என் மக ஏசுவா. 'பொம்மை வாங்கிக் குடுத்த பிள்ளை மாதிரி'ம்பா."

"ரெண்டுல எத வச்சுக்கிடணும்னு கேக்கீங்களா?"

"இல்ல. இந்த வெள்ளியக் கடல்ல எறியட்டுமான்னு கேக்கேன்."

துறவி எழுந்தார்.

இரண்டு கேமராவையும் எடுத்துக்கொண்டு போய், குடிசைக்கு வெளியே நின்ற உடைமுள் மரத்தில் மாட்டிவிட்டு வந்தார்.

"அது அங்க கிடக்கட்டும். படம் கொண்டு வந்திருக்கீங்களா?"

சட்டைப் பையில் இருந்தது. இரண்டே படம்.

"கல்லறைத் திருநாள் வருது சாமி. சிலுவை செய்யுத கொத்தனார் படம் கேக்காரு, கல்லுல பதிக்க. இது ரெண்டத் தவிர அவ படம் எங்கிட்ட இல்ல."

"படம்பிடிக்கிறவர் வீட்டுலயா?"

"ஊர்க் கல்யாணம் எல்லாத்துலயும் லைட்டப் பிடிச்சிட்டு அவதான் என் பக்கத்துல நிப்பா. அப்புறம் படத்துல எப்பிடி வருவா? பழைய படம், கல்யாண ஆல்பம் எல்லாம் மழை வெள்ளத்துல போச்சு."

முதல் படத்தைத் துறவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஒரு கை. முகத்துக்குக் குறுக்கே நீட்டிய உள்ளங்கை. அவ்வளவு தெளிவு. ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. விரல் மெலிந்து மோதிரம் கழலப் பார்த்தது. மணிக்கட்டில் ஊசி போட்ட இடம் நீலம் பாரித்திருந்தது.

முகம் இல்லை.

"கறுப்புல எடுத்தது. புத்துநோய் வைத்தியத்துல தலையில முடி கொட்டிப் போச்சுல்லா, சாமி. கேமராவத் தூக்குனாலே கைய நீட்டிருவா. 'ஆஸ்பத்திரி மெஷினுக்கு முன்னால படுத்து எந்திச்சது போதாதா? அதக் கொண்டு போங்க'ன்னு கத்துவா."

இரண்டாவது படம்.

ஜன்னலோரம் ஒரு பெண் சிரிக்கிறாள். சிரிக்கிறாள் என்று தெரிகிறது. கண் எது, மூக்கு எது என்று சொல்ல முடியவில்லை. தண்ணீரில் விழுந்த முகம் அசைகிற மாதிரி எல்லாம் கலங்கியிருந்தது.

"இது வெள்ளியில எடுத்தது?"

"ஆமா."

"இதுக்கு மட்டும் கைய எடுத்துட்டாங்களா?"

தொம்மை தலையைக் குனிந்தார்.

"வெள்ளிக் கேமராவப் பாத்ததும் எந்திச்சு உக்காந்துட்டா, சாமி. 'ஏங்க, மாமா கேமராவ எங்க கிடந்து தோண்டி எடுத்தீய?'ன்னா. எங்கப்பா அந்தக் காலத்துல ஸ்டூடியோ வச்சிருந்தாரு. அவளப் பொண்ணு பாக்கப் போனப்ப அவருதான் படம் எடுத்தாரு. 'ஏ பிள்ளை, பல்லு தெரியாம சிரி'ன்னு அதட்டுவாரு. அந்தக் குரல்லயே சொல்லிக் காட்டுனா. சொல்லிட்டு, பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சா. எத்தனை மாசம் கழிச்சுச் சிரிக்கா! நானும் எடுத்தேன். எடுத்துக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம்?"

"டயலு ரொம்ப மெதுவான வேகத்துல கிடந்திருக்கு. காலையில சும்மா திருகிட்டு அப்பிடியே விட்டிருக்கேன். அந்த வேகத்துல ஆளு அசைஞ்சா படம் கலங்கி இழுத்துரும். எல்லாமே இழுத்துட்டு. இதுதான் உள்ளதுல தேவலாம். நான் பாத்துச் சரி பண்ணுததுக்குள்ள அவ அசந்து படுத்துட்டா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வாரமே போயிட்டா."

துறவியின் கையில் இருந்த படத்தைக் காட்டினார்.

"என் மக சொல்லுதா, 'அப்பா, அழகுக்கு ஆசைப்பட்டு அம்மா முகத்தத் தொலைச்சிட்டீங்களே'ன்னு. அவ சொல்லுததுல என்ன தப்பு? கறுப்புக்கு இந்தக் குறை வராது. அது தானாவே வேகத்த வச்சுக்கிடும்."

"கறுப்புக்குத்தான் முகமே கிடைக்கலியே அண்ணாச்சி."

"அதுதான் சாமி எனக்குத் தாங்கல. வேலை தெரிஞ்சதுக்கு அவ முகத்தக் காட்டல. முகத்தக் காட்டுனதுக்கு வேலை தெரியல. நான் எதக் கல்லுல பதிக்க? வருசா வருசம் மெழுகுதிரி ஏத்தி நான் எதப் பாக்க? கையவா, கலங்குன முகத்தவா?"

 துறவி மண்பானையில் இருந்து தண்ணீர் மோந்து கொடுத்தார். தொம்மை குடித்து முடிக்கும்வரை இருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? டயலு எங்க நிக்குன்னு பாக்காம இதுக்கு முன்னால என்னைக்காவது எடுத்திருக்கீங்களா?"

"தொழிலாச்சே சாமி. எங்கப்பா அடிச்சுச் சொல்லித் தந்தது. தூக்கத்துலகூடப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

"கல்யாண வீட்டு வேலையில? ஆயிரம் பேரு நெருக்கும்போது?"

"பாப்பேன்."

"கறுப்புல இந்தக் கைய எடுத்த அன்னைக்கு?"

"எல்லாம் பாத்தேன். வெளிச்சம், போகஸ், பின்னால சுவத்துல தொங்குன காலண்டர். ஒண்ணு விடல."

துறவி கலங்கின படத்தை எடுத்து, தொம்மையின் இரண்டு கைக்குள்ளும் வைத்தார்.

"இதுக்கு டயலப் பாக்கல."

"பாக்கல சாமி."

"அப்போ அந்த நேரம் எதப் பாத்துட்டு இருந்தீங்க அண்ணாச்சி?"

தொம்மை படத்தைக் கண் அருகே கொண்டுபோனார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவள, சாமி."

அக்கா இவ்வளவுதான் சொன்னாள். அதற்குள் எங்கள் தெருமுனை வந்துவிட்டது.

வாசிக்கிற பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். லூசியாளின் ஆத்துமாவுக்காக ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். அந்தச் செபம் தெரியாதவர்கள், உங்களுக்குத் தெரிந்த சாமியிடம் அவள் பேரை ஒரு தடவை சொன்னால் போதும்.