எசக்கி பிடிச்ச மூணு மழை

காய்ச்சல்காரப் பிள்ளை இப்படிப் புரண்டுகிட்டே கிடந்தா மாத்திரை எப்படி வேலை செய்யும்? வெயில் தாழுறதுக்குள்ள உறங்கணும். அத்தை கதை சொல்லுதேன், நீ "ம்" மட்டும் கொட்டு. குறுக்கே கேள்வி கேட்டா நிப்பாட்டிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு மலை. மலைக்குக் கீழே ஒரு ஊத்து. ஊரு மொத்தத்துக்கும் குடிதண்ணி அது ஒண்ணுதான். அந்த மலையில எசக்கின்னு ஒருத்தி ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தா.

"ம்."

அப்போ கல்குவாரிக்காரங்க வந்தாங்க. "மலையை உடைக்கப்போறோம். உங்க ஊத்துக்கு ஒண்ணும் ஆகாது, அது குளத்துல இருந்து கசியிற தண்ணி"ன்னாங்க. "இல்லய்யா, அது மலைத்தண்ணி"ன்னு ஊரே அழுதுச்சு. கலெக்டர், "ஐப்பசி முடியிறதுக்குள்ள ஆதாரம் கொண்டாங்க"ன்னுட்டார்.

அப்புறம் பட்டணத்துல இருந்து தமயந்தின்னு ஒரு அம்மா வந்தாங்க. தண்ணியை எடை பார்க்கிறவங்க. சிரிக்காதட்டி, நெசமாத்தான். தண்ணிக்குள்ள கனத்த தண்ணி, லேசான தண்ணின்னு ரெண்டு கலந்து கிடக்காம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. மேகம் மலையேறும்போது கனத்தது நிறைய பாதியிலேயே தொபுக் தொபுக்னு விழுந்துரும். லேசானதுதான் உச்சிக்குப் போகும். குளத்துலயோ, வெயில் லேசானதை முதல்ல இழுத்துக்கிடும், கனத்தது தங்கிரும். பழைய சிப்பிக்குள்ளயும் இப்படி கனத்தது லேசானது பார்த்தே அந்தக் காலத்துக் கடல் சூடா குளிரான்னு சொல்லிருவாங்களாம்.

"ஊத்துத் தண்ணியும் உச்சி மழையும் ஒத்துப்போனா மலை நமக்கு. மழை பிடிச்சுத் தருவியா எசக்கி?"ன்னு அந்தம்மா ஒரு பாட்டிலை நீட்டினாங்க.

"தாரேன்மா."

முதல் மழை சடசடன்னு பெஞ்சுது. எசக்கி மடமடன்னு ஏறிப் பிடிச்சா. மூடி வச்சா தண்ணி நாறிருமேன்னு ரெண்டு நாளா பாட்டிலைத் திறந்தே வச்சுட்டா. அந்தம்மா எடை பார்த்தா ஒரே கனம். "அடடா, லேசானது பறந்துபோச்சே எசக்கி"ன்னாங்க.

அப்புறம் ரெண்டாவது மழை. அரை பாட்டில்தான் தேறுச்சு. விருந்தாளிக்கு அரைப் பாத்திரம் நீட்டுறது அந்த ஊர்ல பெரிய அவமரியாதை. இவ என்ன செஞ்சா, குளத்துத் தண்ணியை விட்டு நிரப்பிக் கொடுத்துட்டா! மறுபடியும் கனம். கேட்டதும் உள்ளதை ஒத்துக்கிட்டா. அந்தம்மா தலையில கை வச்சு உக்காந்துட்டாங்க. ஆனா ஒரு சொல் திட்டலை. "எனக்கு மரியாதை பார்க்காதே, கிடைச்சதைக் கிடைச்சபடி கொடு"ன்னாங்க.

"ம்..."

ஐப்பசி முடிய மூணே நாள். வானத்துல பொட்டு மேகம் இல்லை. எசக்கிக்குச் சோறு இறங்கலை. தன்னால ஊரு தண்ணி போகப்போகுதேன்னு பாறை மேல ஏறி உக்காந்தவ இறங்கவே இல்லை. அப்போ குளுகுளுன்னு ஒரு காத்து, நாலே நாலு தூத்தல். ஒரு உள்ளங்கை தண்ணி. அவ பெரிய பாட்டிலைத் தொடலை. விரல் நீளக் குப்பி ஒண்ணுல தளும்பத் தளும்ப ஊத்தி, லேசானது பறந்துறக் கூடாதுன்னு ஒரு குமிழி இல்லாம மூடி, மெழுகு வச்சு அடைச்சு, தடதடன்னு இறங்கி ஓடினா.

அந்தம்மா பார்த்தாங்க. ஊத்தும் மழையும் ஒண்ணு! மலையில யாரும் கை வைக்கக் கூடாதுன்னு கலெக்டர் எழுதிட்டார்.

ஊர்ப் பொம்பளைங்க அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "நல்லா இருப்பே தாயி"ன்னு எசக்கியைக் கட்டிக்கிட்டாங்க. அவ மெதுவா விலகி, தனியா உச்சிக்குப் போனா. மேகம் ஒண்ணு பாறையை உரசிக்கிட்டுப் போச்சு. அந்த மேகத்தைப் பார்த்து ரெண்டு கையையும் கூப்பினா.

"எங்களுக்காகத்தான் இம்புட்டு உசரம் ஏறி வந்தீங்களா? நான் தினம் உங்களுக்குள்ளதானே ஆடு மேய்ச்சேன். ஒரு நாளும் நன்றின்னு சொல்லலையே"ன்னு விசும்பி விசும்பி அழுதா.

அவ்வளவுதான்ட்டி. ஊத்து ஓடுது, கதை நின்னுட்டு, நீ உறங்கு.